புதிய விசுவாசியை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி: உபதேசியாருக்கும் மூப்பருக்கும் முழுமையான வழிகாட்டி

வயது வந்தபின் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட ஒருவரை ஞானஸ்நானம் வரை கூட்டிச்செல்லும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், இது உங்களுக்காக எழுதப்பட்டது. முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தமிழ்நாட்டுச் சபைகளை மனதில் வைத்தே பெரும்பகுதியும் இருக்கிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கத் திருச்சபைகளில் நடைமுறை வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான சிக்கல்கள் வரிசை தவறுவதால்தான் வருகின்றன. தேதியைக் குறித்துவிட்டுப் பாடத்தை அதற்குள் அடைக்கிறார்கள். தண்ணீரிலிருந்து ஏறிய பிறகுதான் குடும்பத்தையும் சாதிச் சான்றிதழையும் பற்றிப் பேசுகிறார்கள். பொருள் விளங்காத ஒருவரைக் கூட்டத்தின் முன் சாட்சி சொல்ல நிறுத்துகிறார்கள்.

1. ஏன் கேட்கிறார் என்று முதலில் கேளுங்கள்

"ஞானஸ்நானம் எடுக்கணும்" என்று ஒருவர் வந்து சொன்னதும் மகிழ்ச்சியில் தேதி சொல்லிவிடாதீர்கள். தனியாக உட்கார்ந்து, "இப்போது ஏன் கேட்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். "இயேசுவை ஏத்துக்கிட்டீங்கதானே?" என்று பதிலை நீங்களே எடுத்துக்கொடுத்தால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆமாமிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியாது.

அடிக்கடி வரும் பதில்கள் சில உண்டு. "மகளுக்கு உடம்பு சரியாச்சுன்னா எடுக்கிறேன்னு பொருத்தனை பண்ணினேன்." "பொண்ணு வீட்டுல கேக்கிறாங்க." "வீட்டுக்காரர் எடுத்துட்டார், நானும் எடுக்கணுமாம்." "எடுத்தா பிசாசுத் தொல்லை நிக்கும்னாங்க." இப்படிச் சொன்னவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். சுகம் தேடி வந்தவர்கள் பலர் சுவிசேஷப் புத்தகங்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காரணத்தோடே அவரைத் தண்ணீரில் இறக்கவும் வேண்டாம். பொருத்தனையைச் செலுத்துவதாக நினைத்து ஞானஸ்நானம் எடுத்தவருக்கு, எடுத்த அன்றோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார். அவருக்குத் தெரிந்தவரை, சொன்ன வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார்.

இந்த முதல் பேச்சிலேயே இன்னும் மூன்றை உறுதி செய்யுங்கள்.

வயது: 18 நிறையாதவர் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மேலே போகாதீர்கள்.

உதவி: அவருக்குச் சபை பண உதவியோ, வேலையோ, பிள்ளைகளின் படிப்புச் செலவோ கொடுத்துவந்தால், அது ஞானஸ்நானத்தோடு சேராதது என்று அவர் காதுபடச் சொல்லுங்கள். எடுக்காவிட்டாலும் உதவி தொடரும் என்று சொல்ல முடியாத சபை, அவரை ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடக் கூடாது.

முந்தைய ஞானஸ்நானம்: குழந்தையில் எங்காவது கொடுத்தார்களா என்று கேளுங்கள். இந்துக் குடும்பம் என்றே நினைத்திருந்தவருக்குப் பாட்டி வழியில் திருமுழுக்குப் பதிவு இருப்பதுண்டு. கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் ஒருமுறை பெற்றதை மறுபடி கொடுப்பதில்லை. பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல் முழுக்குக் கொடுக்கின்றன. உங்கள் சபையின் நிலை எதுவோ, அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2. எடுத்தால் என்னென்ன மாறும் என்று திறந்து சொல்லுங்கள்

செலவைக் கணக்குப் பார்த்தபின் கோபுரம் கட்டத் தொடங்கச் சொன்னவர் இயேசுதான் (லூக்கா 14:28). இதை மறைத்து ஒருவரை அழைத்துப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆகவே இதைப் பாடங்களின் கடைசியில் வைக்காமல், இரண்டாவதாக வைத்திருக்கிறோம்.

சாதிச் சான்றிதழ்: 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைப் பின்பற்றுவோர் மட்டுமே எஸ்.சி. பட்டியலில் வருவார்கள். கிறிஸ்தவரானவர் அந்தத் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் ஆதி திராவிடரிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் எஸ்.சி. சான்றிதழ் கேட்ட ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கில் ஞானஸ்நானப் பதிவும் சான்றாகப் பார்க்கப்பட்டது. படிப்பு, வேலை, உள்ளாட்சித் தேர்தலில் தனித்தொகுதி என்று எல்லாவற்றையும் இது தொடும். மற்றச் சாதியினரும் தங்கள் பிரிவு மாறுமா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

"பதிவேட்டில் எழுதாமல் விட்டுவிடுகிறோம், சான்றிதழ் அப்படியே இருக்கட்டும்" என்று சில மூப்பர்கள் அன்பாகச் சொல்வதுண்டு. சொல்லாதீர்கள். புதிய வாழ்க்கையின் முதல் பாடமாக ஒரு பொய்யைக் கற்றுக்கொடுக்கிறீர்கள். பின்னாளில் சிக்கல் வந்தால் அதைத் தனியே சுமக்கப்போகிறவரும் அவர்தான். இந்த இழப்பை நினைத்து அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தை அவிசுவாசம் என்று பட்டம் கட்டாதீர்கள். அந்தச் சுமையை நீங்கள் தூக்கப்போவதில்லை.

சொத்து: மதம் மாறியதால் ஒருவர் தன் பெற்றோர் சொத்தில் உள்ள உரிமையை இழப்பதில்லை. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 26-இன்படி, மதம் மாறியபின் அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அந்த உறவினர் இறந்து வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் இந்துவாக இருந்தால் மட்டுமே விலக்கு.

திருமணம்: ஏற்கெனவே நடந்த திருமணம் அப்படியே செல்லும். மறுபடி தாலி கட்டத் தேவையில்லை. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின்படி, துணைவர் மதம் மாறியதைக் காரணமாகக் காட்டி மற்றவர் விவாகரத்துக் கேட்கலாம். ஆகவே கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல் ஞானஸ்நானம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் நிதானியுங்கள். உயிருக்கு அச்சுறுத்தல் இருந்தால் வேறு. மற்றபடி வீட்டில் சொல்லும் துணிவு வரும்வரை காத்திருப்பதே நல்லது.

மாநிலம்: தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் 60 நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வடக்கே வேலை பார்ப்பவருக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுக்க நினைத்தால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

3. பொருளை எந்த வரிசையில் சொல்லித் தருவது

எல்லாம் தங்கியிருக்கும் இடம் இதுதான். நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள்.

ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும் முன் மூன்று பாடம் முடிந்திருக்க வேண்டும். இயேசு யார், பாவமும் மனந்திரும்புதலும் என்ன, சிலுவையிலும் உயிர்த்தெழுதலிலும் நடந்தது என்ன. மாற்கு சுவிசேஷத்தை முழுக்க வாசித்தால் மூன்றும் வந்துவிடும். 16 அதிகாரம்தான். வாரம் இரண்டு அதிகாரமாக வாசித்தாலும் இரண்டு மாதத்தில் முடியும். இது தெரியாதவரிடம் "கிறிஸ்துவோடு மரித்தீர்கள்" என்றால் அந்த வாக்கியம் அவருக்குள் எதிலும் ஒட்டாது.

அதன்பின் ஞானஸ்நானம். புதிய ஏற்பாடு அதைப் பல கோணங்களில் சொல்கிறது. அவற்றுள் அடக்கத்தை முதலில் வையுங்கள் (ரோமர் 6:3–4, கொலோசெயர் 2:12). பலரும் கழுவுதலில் தொடங்குகிறார்கள், அது சுலபம் என்று. நம் ஊரில் அது தவறான வாசலைத் திறக்கும். ராமேசுவரத்தில் 22 தீர்த்தமாடியவரிடம், ஆடி அமாவாசைக்கு ஆற்றில் முழுக்குப் போட்டவரிடம், "பாவம் கழுவப்படும் ஸ்நானம்" என்றால் அவர் உடனே தலையாட்டுவார். அவருக்குத் தெரிந்த ஒன்றைத்தான் நீங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்வார். நீரில் சக்தி உண்டு, பாவம் மறுபடி சேரும், மறுபடி முழுகலாம் என்ற எண்ணமும் அதோடு கூடவே வரும். இரண்டு வருடம் கழித்து, "மனசு சரியில்ல ஐயா, இன்னொரு தடவை கொடுங்க" என்று வந்து நிற்பார்.

அடக்கத்தில் தொடங்கினால் இந்தக் குழப்பம் எழாது. ஒருவரை ஒருமுறைதான் புதைக்கிறோம். தண்ணீருக்குள் போவது குழிக்குள் போவது. தன்னையே எஜமானாக வைத்து வாழ்ந்த பழைய மனிதன் கிறிஸ்துவோடு மரித்தான். வெளியே எழுவது கிறிஸ்து எழுந்ததில் பங்கு பெறுவது. முழுக்குக் கொடுக்கும் சபைகளில் உடலே இதை நடித்துக் காட்டிவிடுகிறது. ஊற்றிக் கொடுக்கும் சபைகளில் நீங்கள் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது கழுவுதல் மட்டுமே.

அடுத்ததாகக் கழுவுதல் (அப்போஸ்தலர் 22:16). இதைச் சொல்லும்போதே 1 பேதுரு 3:21-ஐயும் சேர்த்து வாசியுங்கள். உடம்பின் அழுக்கு போவதைப் பற்றி அங்கே பேச்சில்லை, தேவனை நோக்கிய நல்மனச்சாட்சியைப் பற்றியே பேச்சு. தாமிரபரணித் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒன்றே என்பதை இங்கே சொல்லுங்கள். யோர்தான் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்து கலக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அன்போடு மறுத்துவிடுங்கள். கலந்தால் இவ்வளவு நேரம் சொல்லித் தந்தது அந்தப் புட்டியோடு போய்விடும்.

மூன்றாவது, கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுதல் (கலாத்தியர் 3:27–28). இந்த வசனத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தரித்துக்கொண்டவர்களுக்குள் யூதன் கிரேக்கன், அடிமை சுயாதீனன் என்ற பிரிவு இல்லை என்று அது தொடர்கிறது. நம் சபைகளில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. புதிதாக வருபவர் அதைக் கண்ணால் காண்பார். ஆகவே வேதம் என்ன சொல்கிறது, நாம் எங்கே தவறியிருக்கிறோம் என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். அவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. உயர்ந்த சாதி என்ற எண்ணம் ஒருவரிடம் இருந்தால் அதுவும் தண்ணீருக்குள் புதைய வேண்டியதே என்று பெயர் சொல்லிப் பேசுங்கள்.

நான்காவது, ஒரே சரீரத்தில் இணைதல் (1 கொரிந்தியர் 12:13). ஞானஸ்நானம் தனிமனிதருக்கும் கடவுளுக்கும் இடையில் மட்டும் நடப்பதில்லை, ஒரு சபைக்குள் பிறப்பது. சபையே வேண்டாம், வீட்டுத் தொட்டியில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்பவருக்கு இது புரிந்தால் அவர் கோரிக்கை தானாக மாறும்.

ஐந்தாவது, நாமம் (மத்தேயு 28:19). பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஒருவர் வைக்கப்படுகிறார் என்றால் இனி அவர் யாருடையவர் என்பது மாறுகிறது. கையில் கட்டிய தாயத்து, இடுப்பில் மந்திரித்த கயிறு, குறி கேட்கப் போகும் பழக்கம் ஆகியவற்றை இந்த இடத்தில் பேசுங்கள். அவற்றை அவரே கழற்றட்டும், நீங்கள் அறுக்காதீர்கள். கூட்டுக் குடும்பத்துப் பூஜையறையின் மேல் அவருக்கு மட்டும் உரிமை இல்லை. அதில் கைவைக்கச் சொல்லாதீர்கள்.

"தண்ணீர் இரட்சிக்குமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கத்தோலிக்க, லுத்தரன் திருச்சபைகள் ஞானஸ்நானத்தைக் கடவுள் கிருபை அருளும் அருட்சாதனமாகப் போதிக்கின்றன. பாப்டிஸ்ட், பிரதரன் சபைகள் அதை ஏற்கெனவே இரட்சிக்கப்பட்டவரின் கீழ்ப்படிதலும் பகிரங்க அறிக்கையும் என்கின்றன. உங்கள் சபையின் போதனையைத் தெளிவாகச் சொல்லுங்கள், மற்றவர்களை இழிவாகப் பேசாமல். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு பரதீசை வாக்களித்தார் (லூக்கா 23:43). ஆகவே ஞானஸ்நானம் எடுக்கும் முன் இறந்துபோன ஓர் அம்மாவை நினைத்து யாரும் நடுங்க வேண்டியதில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளில் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைத் தனிப் பாடமாக வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் சொன்னால், தண்ணீரிலிருந்து எழுந்ததும் அந்நியபாஷை வராவிட்டால் ஞானஸ்நானம் பலிக்கவில்லை என்று நினைத்துக் கலங்கிப்போகிறவர்கள் உண்டு.

4. எத்தனை வகுப்பு, எவ்வளவு காலம்

வாரம் ஒன்றாக 10 முதல் 12 வகுப்பு போதும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். கூலி வேலை முடிந்து வருபவர் அதற்கு மேல் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்.

"எத்தியோப்பிய மந்திரிக்கு அன்றைக்கே கொடுக்கவில்லையா?" என்று கேட்பார்கள். உண்மைதான் (அப்போஸ்தலர் 8). ஆனால் அவர் எருசலேமுக்குப் பணிந்துகொள்ளப் போய்த் திரும்பியவர், கையில் ஏசாயாவின் சுருளை வைத்து வாசித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு விடுபட்டிருந்தது இயேசு என்ற ஒரு பெயர் மட்டுமே. பிலிப்பி நகரச் சிறைச்சாலைக்காரனுக்கும் அதே இரவில் கிடைத்தது. அங்கேயும் முதலில் வீட்டார் எல்லாருக்கும் வசனத்தைப் போதித்தார்கள் என்று இருக்கிறது (அப்போஸ்தலர் 16:32). அதே நேரத்தில் ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் தவறு. "இன்னும் முழுசா திருந்தல" என்று ஒருவரை நிறுத்திவைத்தால், நல்லவனான பிறகு வாங்கும் பரிசு ஞானஸ்நானம் என்று கற்றுக்கொடுத்தவராகிறீர்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்கான புகுமுக நடைமுறை தனி வரிசையில் போகும். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று தேர்வுச் சடங்கு, 3, 4, 5-ஆம் ஞாயிறுகளில் சோதிப்புச் சடங்குகள், பாஸ்கா திருவிழிப்பு இரவில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு) திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாக. அங்கே தேதி முதலிலேயே தெரியும் என்பதால், அதற்கேற்ப முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். ஞானப்பெற்றோருக்குப் பொதுவாக 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும், உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும்.

எழுத்தறியாதவருக்குத் தேர்வு வைக்காதீர்கள். விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை ஆகியவற்றை வாய்வழியாகச் சொல்லிப் பழக்குங்கள். செல்போனில் ஒலிவேதாகமம் ஏற்றிக்கொடுங்கள். வயலில் களை பறிக்கும்போது கேட்டுக்கொண்டே ஒரு சுவிசேஷத்தை முடித்துவிடும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

கடைசி இரண்டு வகுப்பை வீட்டு வாழ்க்கைக்கு வையுங்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் என்ன செய்வார்? திதி நாளில் சாப்பாட்டுக்கு உட்காரலாமா? தங்கை கல்யாணத்தில் தாய்மாமன் சீர் யார் வைப்பது? இவற்றுக்குச் சபைக்குச் சபை பதில் மாறும். ஆனால் பதில் இல்லாமல் அனுப்பக் கூடாது. சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு யோசிக்கிற நிலைக்கு அவரைத் தள்ளாதீர்கள். பொட்டு, பூ, நகை, தாலி பற்றி உங்கள் சபையில் வழக்கம் ஏதாவது இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். ஞானஸ்நானத்தன்று காலையில் ஓர் அம்மாவின் காதிலிருந்து கம்மலைக் கழற்றச் சொல்வது கொடுமை.

5. நேர்காணல்

போதகரும் ஒரு மூப்பரும் உட்காரட்டும். பெண்கள் என்றால் ஒரு மூத்த சகோதரியும் கட்டாயம் கூட இருக்க வேண்டும். நான்கு கேள்வி போதும்: இயேசு உங்களுக்கு யார்? எதிலிருந்து மனந்திரும்பினீர்கள்? தண்ணீருக்குள் போவது எதைக் காட்டுகிறது? வீட்டில் எதிர்ப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?

மனப்பாடமாக அழகாக வரும் பதிலைவிட, திக்கித் திணறி அவர் சொந்தப் பேச்சில் வரும் பதிலை நம்புங்கள். "அவர் எனக்காகச் செத்தார், இனி நான் அவரோட ஆளு" என்றால் அதற்குமேல் துருவ வேண்டாம். மூன்றாம் கேள்வியில் "சாபம் போகும்" என்று மட்டும் வந்தால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

எந்தப் பாவமும் கூட்டத்தின் முன் அறிக்கையிடப்பட வேண்டியதில்லை. நேர்காணலில் அவர் சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

6. சாட்சியைத் தயார் செய்தல்

மூன்று நிமிடம். முன்பு எப்படி இருந்தேன், கிறிஸ்து எப்படி என்னைச் சந்தித்தார், இப்போது என்ன. ஒருமுறை உங்களிடம் சொல்லிப் பார்க்கட்டும். பழைய மதத்தையோ அதன் தெய்வங்களையோ இழித்துப் பேசக் கூடாது, அப்பா அம்மாவைக் குற்றவாளியாகக் காட்டக் கூடாது என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அவர் அண்ணனும் இருக்கலாம். அண்ணன் அன்றைக்கு வந்ததே பெரிது.

படம், காணொளி எடுப்பதென்றால் அவர் சம்மதம் வேண்டும். இணையத்தில் போடுவதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். வேலை பார்க்கும் இடத்திலும் ஊரிலும் அதனால் வரக்கூடிய விளைவை அவர் யோசித்துச் சொல்லட்டும். பேசக் கூச்சப்படுபவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். விசுவாசக் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதிலே அறிக்கைதான்.

7. இடமும் தண்ணீரும் உடையும்

ஆழம் மூன்றேகால் முதல் மூன்றரை அடி, நிற்பவருக்கு இடுப்புக்குச் சற்று மேலே. அதற்குக் குறைந்தால் பின்னால் சாய்க்கும்போது போதகரின் முதுகு பிடித்துக்கொள்ளும். கூடினால் குள்ளமானவர் கால் தரையில் நிற்காது. 6 அடி நீளம், 4 அடி அகலமுள்ள தொட்டியில் மூன்றரை அடி நிரப்ப ஏறக்குறைய 2,400 லிட்டர் வேண்டும். வீட்டுக் குழாயில் காலையில் திறந்தால் ஆராதனைக்குள் நிரம்பாது. முந்தைய மாலையே தொடங்குங்கள். படியில் பாசி இருந்தால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மின்மோட்டார் நின்றிருக்க வேண்டும். கம்பியுள்ள மைக்கைத் தண்ணீரில் நிற்பவர் தொடவே கூடாது. ஒலிபெருக்கி வேண்டுமானால் கரையில் நிற்பவர் வாசிக்கட்டும்.

ஆறு என்றால் முந்தின நாளே ஒருவர் இறங்கி அடியைக் காலால் தடவிப் பார்க்க வேண்டும். மணல் அள்ளிய குழிகள் காவிரியிலும் தாமிரபரணியிலும் மேலே தெரியாமல் கிடக்கும். அணையில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் ஆற்றைத் தவிர்ப்பது நல்லது. கடலில் அலை இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளும். உள்ளூர் மீனவர் ஒருவர் கூட நிற்காமல் இறங்காதீர்கள். கோயில் படித்துறைக்கும் குளத்துக்கும் போக வேண்டாம். ஊர் அமைதியும் கெடும், வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்த பொருளும் குழம்பும்.

உடைதான் அதிகம் கவனிக்கப்படாமல் போவது. நனைந்த சேலை கனத்துக் காலைச் சுற்றும், வேட்டி அவிழும், வெள்ளை அங்கி உடம்பைக் காட்டும். பெண்களுக்கு அடர்ந்த நிறத்தில் தடித்த சுடிதார், ஆண்களுக்கு முழுக்கால்சட்டையும் சட்டையும் நல்லது. சபையின் வெள்ளை அங்கிதான் வழக்கம் என்றால் உள்ளே அடர்நிற உடை இருக்கட்டும். அங்கி மேலே மிதக்காமலிருக்க அடி மடிப்பில் கொஞ்சம் கனம் வைத்துத் தைத்துவிடுங்கள். ஏறும் படியிலேயே பெரிய துண்டோடு ஒரு சகோதரி நிற்க வேண்டும். உடை மாற்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் பூட்டுள்ள தனித்தனி அறை வேண்டும்.

உடல்நிலையையும் கேளுங்கள்: வலிப்பு, இதய நோய், ஆறாத அறுவைப் புண், கர்ப்பம். நடக்க முடியாதவரை நாற்காலியோடு இறக்கலாம். அதுவும் முடியாவிட்டால் தலையில் ஊற்றலாம். ஆதிச் சபையின் கைநூலான திதகே, போதிய தண்ணீர் இல்லாத இடத்தில் தலையில் மூன்றுமுறை ஊற்றச் சொல்கிறது. அதே நூல், பெறுபவர் ஒன்றிரண்டு நாள் உபவாசம் இருக்கவும் சொல்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் சர்க்கரை நோயாளியை வெறும் வயிற்றில் தண்ணீரில் நிறுத்தாதீர்கள்.

8. தண்ணீருக்குள்

முந்தின வகுப்பிலேயே தரையில் ஒத்திகை பாருங்கள். நீச்சல் தெரியாதவர்களுக்குத் தண்ணீருக்குள் முகம் போவதே பெரிய பயம். அந்தப் பயத்தோடு நிற்பவர் காதில் வார்த்தைகள் எதுவும் விழாது.

போதகர் பக்கவாட்டில் நிற்கட்டும். பெறுபவர் மடித்த கைக்குட்டையால் மூக்கைப் பிடித்து, மறு கையால் அந்த மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளட்டும். போதகரின் ஒரு கை அந்த மணிக்கட்டுகளின் மேல், இன்னொரு கை தோள்பட்டைக்கு நடுவே முதுகில். ஓடும் ஆற்றில் பெறுபவரின் முகம் நீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். அப்போது தலை நீர் வரும் பக்கம் சாயும், மூக்கில் தண்ணீர் ஏறாது, எழும்போது ஓட்டமே தூக்கிவிடும்.

முதலில் கேள்வி, பதில். பிறகு வார்த்தை: "உங்கள் விசுவாச அறிக்கையின்படி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." சொல்லி முடித்த பிறகே சாய்க்க வேண்டும். சொல்லிக்கொண்டே முக்கினால் பாதி வார்த்தை தண்ணீருக்குள் போகிறது. "பரிசுத்த ஆவி" என்று கேட்டதும் வாயால் மூச்சிழுக்கச் சொல்லி வையுங்கள். அவர் முழங்காலை மடித்துச் சாயட்டும், பாதம் தரையை விடக் கூடாது. ஒரு நொடி, முழுவதும் மூழ்கியதும் தூக்கிவிடுங்கள். கனமானவர் என்றால் மறுபக்கம் ஒரு மூப்பர் நிற்கட்டும்.

விரல் நுனியோ முடியோ மேலே நின்றுவிட்டது என்று கரையிலிருந்து யாராவது சத்தம் போட்டால் மறுபடி முக்காதீர்கள். அடக்கத்தின் அர்த்தம் அங்குல அளவில் இல்லை. மறுபடி முக்கியதும் அவர் மனதில் முதல் முழுக்குச் செல்லாததாகிவிடும், அந்தச் சந்தேகம் பல வருடம் நிற்கும்.

ஊற்றும் சபைகளில் தண்ணீர் முடியை மட்டும் நனைத்து நிற்காமல் தலைத்தோலில் ஓட வேண்டும். ஊற்றுபவரே வார்த்தையையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத்தில் "நான்" என்பதற்குப் பதிலாக "நாங்கள்" என்று சொல்லிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று வத்திக்கான் 2020-இல் அறிவித்தது. மும்மை நாமத்தைச் சொல்லாமல் கொடுத்ததைப் பெரும்பாலான திருச்சபைகள் ஏற்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். நாளை அவர் வேறு ஊருக்கு, வேறு சபைக்குப் போக நேரலாம்.

9. பதிவேடு

அன்றைக்கே எழுதுங்கள்: முழுப்பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி, ஞானஸ்நானத் தேதி, இடம், கொடுத்தவர், சாட்சிகள் இருவரின் கையெழுத்து. தன் சுய விருப்பத்தில் எடுத்ததாக அவர் கைப்பட எழுதிய கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சிகள் முன் கைரேகை வாங்குங்கள்.

பெயர் மாற்ற வேண்டும் என்று எந்த வசனமும் இல்லை. முருகன் முருகனாகவே இருக்கலாம். லீதியாளும் கொர்நேலியுவும் தங்கள் பழைய பெயரிலேயே வேதத்தில் இருக்கிறார்கள். அவரே விரும்பி மாற்றினாலும், சபைச் சான்றிதழால் ஆதாரும் பள்ளிச் சான்றிதழும் மாறாது, அரசிதழில் அறிவிக்க வேண்டும். பாதி ஆவணங்களில் ஒரு பெயரும் மீதியில் வேறு பெயருமாக விட்டுவிட்டால் கடவுச்சீட்டு எடுக்கும்போது அலைய நேரும்.

10. அதற்குப் பிறகு ஆறு மாதம்

ஞானஸ்நானத்தை வகுப்பின் முடிவாக நினைத்துவிடுவதுதான் சபைகள் செய்யும் பெரிய தவறு. மறுநாள் முதல் அவருக்குத் தனிமை தொடங்குகிறது. உறவினர் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு நிற்கலாம், தெருவில் பேச்சு வரலாம். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

தண்ணீரில் இறங்கும் முன்பே, அதே ஊரில் அல்லது பக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தைத் துணையாக ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள் வாரம் ஒருமுறை அவரை வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும், கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் தங்கள் வீட்டில் சாப்பிட அழைக்கட்டும். சொந்தங்களின் பண்டிகையில் இடமில்லாமல் போனவருக்கு இங்கே ஓர் இலை போடப்பட வேண்டும். சகோதரன் என்று கூப்பிட்டுவிட்டு அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிற குடும்பத்தைத் துணையாகப் போடாதீர்கள்.

முதல் திருவிருந்துக்கு முன் அதன் பொருளைத் தனியாக ஒரு மணி நேரம் சொல்லுங்கள். சி.எஸ்.ஐ.யில் பேராயர் கொடுக்கும் திடப்படுத்தல் ஆராதனை எப்போது என்று கேட்டு, அவர் பெயரை எழுதிக்கொடுங்கள். சபையில் ஏதாவது ஒரு வேலையையும் ஒப்படையுங்கள். பாய் விரிப்பதோ, பாட்டுப் புத்தகம் கொடுப்பதோ எதுவானாலும் சரி. மேடை வேலையை மட்டும் ஓராண்டாவது கொடுக்காதீர்கள். புதியவரின் சாட்சியை ஊர் ஊராகக் கூட்டிப்போய்ச் சொல்லவைக்கும் வழக்கம் பலரை உள்ளே காயவிட்டிருக்கிறது.

மூன்று ஞாயிறு தொடர்ந்து வரவில்லை என்றால் நான்காவது ஞாயிறுக்குக் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டுத் தொடங்காதீர்கள். சாப்பிட்டீர்களா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தொடங்குங்கள். விழுந்துபோன பழைய பழக்கத்தை அவரே சொன்னால், ரோமர் 6-ஐ மறுபடி திறந்து, இருவரும் சேர்ந்து மெதுவாக வாசியுங்கள். இன்னொரு ஞானஸ்நானம் கேட்டால், முதல் முழுக்கு இன்னும் செல்லும் என்று சொல்லுங்கள்.